நான் பார்க்காத கறிக்கூடை

நான் பொய் சாட்சி சொன்னவன். அது நீதிமன்றமல்ல, யாரும் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவுமில்லை. நகரசபைக் கட்டடத்தில், சுகாதாரக் கமிட்டியின் முன்னால், எல்லாரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருக்க நின்று சொன்னேன். தேனாம்பேட்டையில் அறுத்த குதிரையின் இறைச்சி மயிலாப்பூரில் ஓர் ஆட்டுக்கறிக் கடைக்குப் போனதைக் கண்ணால் கண்டேன் என்றேன். காணவில்லை. அந்தக் கடைக்காரர் எனக்கு ஒரு தீங்கும் செய்தவரல்ல. அவர் முகத்தையே நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் ஏதாவது ஓர் இயக்கத்தில் வேகமாக இருந்தோம், வேகத்தில் நடந்தது என்று என் பிள்ளைகள் சமாதானம் சொல்கிறார்கள். வேகம் ஒன்றும் இல்லை. நிதானமாக, நல்ல வாக்கியங்களில் சொன்னேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. சட்டம் படித்து முடித்து லஸ் பக்கம் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். எனக்கென்று வழக்கு எதுவும் வரவில்லை. மாலையில் ஜீவகாருண்ய சபைக்குப் போவேன். சபை என்றால் தலைவர் வீட்டுக் கூடம்தான். அவர் ஓய்வுபெற்ற சப்-ஜட்ஜ். கூட்டத்துக்கு வருகிற எங்களுக்கு நல்ல காபி கொடுப்பார். நான் எழுதுகிற ஆங்கிலம் அவருக்குப் பிடிக்கும். காரியதரிசி என்று என்னை உட்காரவைத்துவிட்டார்.

அப்போது ஊரில் பஸ்கள் பெருகிவிட்டன. ஜட்காவில் ஏற ஆள் குறைந்தது. தீனி போட முடியாதவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். மாம்பலத்து ஏரியை வற்றவைத்து மனை போட்டுக்கொண்டிருந்த புது நகரில், இன்னும் வீடு எழும்பாத வெட்டவெளியில், விலா எலும்பு தெரிய அவை நின்றுகொண்டிருக்கும். சில நாள் நிற்கும். பிறகு காணாமல் போகும். எங்கே போகின்றன என்பதுதான் சபையில் கேள்வி. ஒருவர் பிரியாணிக் கடைகளுக்குப் போகின்றன என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களில் யாரும் பிரியாணிக் கடைக்குள் கால் வைத்தவர்கள் அல்லர்.

மனிதர் உண்பதற்காகக் குதிரையைக் கொல்லக்கூடாது என்று நகரசபை ஒரு விதி செய்ய வேண்டும். இதுதான் எங்கள் மனு. வாசகத்தை நான் எழுதினேன். எழுதும்போதே எனக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. எதற்காகக் கொன்றாய் என்று பிடித்துக் கேட்டால் தோலுக்காக என்று சொல்லித் தப்பித்துவிடுவானே. அதனால் எக்காரணத்துக்காகவும் குதிரையைக் கொல்லுமுன் சுகாதார அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, "ஓட்டையை நன்னா அடைச்சுட்டேப்பா" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை என்னோடு வந்தது.

கமிட்டியின் முதல் கூட்டத்தில் மனு நகரவில்லை. முஸ்லிம் தோல் வியாபாரியான ஓர் அங்கத்தினர் சிரித்தார். "இந்த ஊர்ல குதிரை தின்றவன் யாருன்னு ஒருத்தனைக் காட்டுங்க. எங்க பெரியவங்களே அதை வெறுத்து ஒதுக்கினவங்க. இல்லாத திருடனுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார். வெள்ளைக்கார மிருக வைத்தியர் வேறொன்று சொன்னார். கால் ஒடிந்த குதிரையை உடனே கொல்வது கொடுமையல்ல, கொல்லாமல் விடுவதுதான் கொடுமை, உங்கள் விதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்டார். அனுமதிப் பிரிவு இருக்கிறதே என்றேன். தலைவர் திரும்பி வரும்போது என்னிடம், "ஒரு சாட்சி வேணும். கண்ணால பார்த்த சாட்சி. இல்லேன்னா இது படுத்துடும்" என்றார்.

ஆகவே நான் பார்க்கப் போனேன்.

என் வாடிக்கை ஜட்காக்காரருக்கு லஸ் முனையில் நிறுத்தம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செம்பழுப்புப் பெண்குதிரை அவருடையது. தேனாம்பேட்டையில் பாய் ஒருவர் குதிரை அறுக்கும் தொட்டிக்குப் போக வேண்டும் என்றதும் தலையைச் சொறிந்தார்.

"அங்க போயி இன்னா பண்ணப்போறீங்க சாமி? நாத்தம் தாங்காது. இதுவும் அந்தப் பக்கம் வராது, முரண்டு பண்ணும்."

முரண்டு பண்ணத்தான் செய்தது. மவுண்ட் ரோடைத் தாண்டித் தோட்டங்களுக்கு அப்பால் ஒரு புளியமரத்தடி. குதிரையைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். பாய் மருதோன்றித் தாடியோடு ஒரு கட்டையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எரிச்சல்காரர். முதலில் ஜட்காக்காரர் மேல் பாய்ந்தார்.

"இன்னா நைனா, அதுக்குள்ள ஓட்டிக்கினு வந்துட்டியா? இன்னும் ரெண்டு வருசம் இழுக்குமே அது."

"வாய மூடு பாய். அது காதுல விழப்போவுது."

"உழட்டும். உன்ன நம்பறதுக்கு என்ன நம்பலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "சாமி யாரு? பொணம் பாக்கவா வந்தாரு?"

அந்தப் பக்கமாக ஒரு வேலை, சும்மா வந்தேன் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான். மரத்துக்குப் பின்னால் தோல் உரித்த உடல் ஒன்று கிடந்தது. நான் அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பாயின் தாடியையே பார்த்தேன். இரண்டு கூடைகள் ஈரச் சாக்கு மூடி ஒரு வண்டியில் ஏறின.

"இதெல்லாம் எங்கே போகிறது?"

"நாய்க்குப் போவுது. அடையார்ல ஒரு துரை ஊட்ல வேட்டை நாய்ங்க வளக்கறாங்க, ஒரு பட்டாளம் கீது. நம்ம புள்ளைங்களவிட அதுங்க நல்லா துன்னுதுங்க." பாய் சிரித்தார். "என் மருமவன் உங்க மயிலாப்பூர்லதான் கறிக்கட வச்சிக்கினு கீறான். ஆட்டுக்கறி. இந்த வண்டி அவன் சந்துப் பக்கம்கூட வரக்கூடாதாம். கட மேல நாத்தம் ஒட்டிக்குமாம். பொண்ணக் குடுத்த மாமனாருக்கு மரியாதயப் பாருங்க."

இதை நான் காதால் கேட்டேன். இதைக் கமிட்டியில் நான் சொல்லவில்லை.

வண்டி மயிலாப்பூர்ப் பக்கம் கிளம்பியது. நாங்கள் பின்தொடர்ந்தோம். அடையாறுக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கச்சேரி ரோடுக்கு அருகே ஒரு கூட்டத்தில் வண்டி மறைந்துவிட்டது. மருமகனின் கடை எந்தச் சந்தில் என்று ஜட்காக்காரரைக் கேட்டேன். காட்டினார். எனக்குத் தெரிந்த சந்துதான். இறங்கி நடந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அந்தச் சந்தில் போக நேர்ந்தால், கடை வருவதற்கு முன்பே எதிர்ச் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடக்க வேண்டும். சிறு வயதில் அம்மா என் கன்னத்தில் கை வைத்துத் திருப்புவாள். வளர்ந்தபின் கை தேவைப்படவில்லை, கழுத்து தானாகத் திரும்பும். எதிர்ச் சுவரில் காரை எங்கெங்கே பெயர்ந்திருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கடையில் என்ன தொங்குகிறது என்பதை ஒருநாளும் கண்டதில்லை.

அன்றும் கழுத்து திரும்பியது. பார்ப்பதற்கென்றே வந்தவன் நான். ஆனாலும் திரும்பியது. கடைக்கண்ணில் ஏதோ ஈரச் சாக்கு மூடிய கூடை ஒன்றைக் கடைப் படியில் யாரோ இறக்குவது போலத் தெரிந்தது. ஆட்டுத் தொட்டியிலிருந்து வருகிற கறியும் அப்படி ஈரச் சாக்கு மூடித்தான் வரும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது நின்று, இரண்டடி எடுத்துவைத்து, ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் பெயர்ந்த காரையைப் பார்த்துக்கொண்டே சந்தைக் கடந்துவிட்டேன்.

அன்று மாலை தலைவரிடம், "கூடை அந்தக் கடைக்குப் போன மாதிரி தோணித்து" என்றேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். "தோணித்தா, பார்த்தியா?"

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பார்த்தேன்" என்றேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கமிட்டி பாயையும் மருமகனையும் வரவழைத்திருந்தது. மருமகன் என்னைவிடச் சிறியவர், மெலிந்தவர். வெள்ளைத் தொப்பியும் துவைத்த சட்டையுமாகச் சுவரோரம் நின்றார். நான் பேசினேன். தேனாம்பேட்டை, புளியமரம், வண்டி, கச்சேரி ரோடு, சந்து, கூடை. எல்லாம் உண்மை போலவே இருந்தது. நடுவில் வண்டி மறைந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

தோல் வியாபாரி கேட்டார். "கூடைக்குள்ள இருந்த கறியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது ஆட்டுக்கறி இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"கருஞ்சிவப்பாக இருந்தது. ஆட்டுக்கறி அதைவிட வெளிறியிருக்கும்." நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் முந்தைய வாரம் படித்தது அது.

"நீங்க ஆட்டுக்கறியை எப்பப் பார்த்தீங்க?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தக் கேள்வி அங்கேயே நின்றிருந்தால் நான் விழுந்திருப்பேன். விழுந்திருக்க வேண்டும். ஆனால் தலைவர் எழுந்தார். நல்ல குடும்பத்துப் பையனிடம் இப்படிப்பட்ட கேள்வி கேட்பது அவமதிப்பு என்றார். கமிட்டித் தலைவரும் ஆமோதித்தார். தோல் வியாபாரி கேள்வியை வாபஸ் பெற்றுக்கொண்டு மன்னிப்புக்கூடக் கேட்டார். என்னிடம்.

பாய் சத்தம் போட்டார். "நாய்க்குப் போவுதுன்னு இவருகிட்டயே சொன்னேனே. சொன்னேனா இல்லியா, நீங்களே சொல்லுங்க சாமி."

நான் என் காகிதத்தைப் பார்த்தேன்.

துரை விடுமுறையில் சீமைக்குப் போயிருந்தார். அவர் வீட்டு பட்லர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியனுப்பிவிட்டான். மருமகன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. போகும்போது மாமனாரிடம் தாழ்ந்த குரலில், "உங்க வண்டி இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாதுன்னு சொன்னேனே மாமா" என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

விதி நிறைவேறியது. கடைக்காரர்மேல் வழக்குப் போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஆனால் பத்திரிகையில் சந்தின் பெயரோடு செய்தி வந்துவிட்டது. அவரை முதலில் கைவிட்டவர்கள் அவருடைய ஆட்களே. பள்ளிவாசலில் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சத்தியம் செய்தார். நம்புகிறோம் என்று சொல்லிவிட்டு வேறு கடையில் கறி வாங்கினார்கள். அவர் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. யாரோ விடியற்காலையில் கடைக் கதவில் ஒரு கட்டுப் புல்லைத் தொங்கவிட்டுப் போனார்கள். அந்தச் சந்தைக் கடக்கிறவர்கள் குதிரை போலக் கனைத்தார்கள். இதெல்லாம் ஜட்காக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்பக்கம் பார்த்தபடி எனக்குச் சொன்னவை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சபையில் எனக்கு மாலை போட்டார்கள்.

அடுத்த சித்திரை, வருஷப்பிறப்பு. வீட்டில் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் ஜட்காக்காரர் நின்றார். ஓடி வந்திருந்தார்.

"சாமி, கொஞ்சம் வாங்க. எம்மாவ பஸ்ஸு இட்ச்சிட்ச்சு."

எம்மா என்றுதான் அந்தக் குதிரையை அவர் கூப்பிடுவது வழக்கம். லஸ் முனையில் பஸ் ஒன்று திரும்பும்போது ஜட்காவை உரசித் தள்ளியிருந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. குதிரை வெயிலில் தார்மேல் படுத்திருந்தது. முன்னங்காலில் எலும்பு வெளியே வந்திருந்தது. எழப் பார்க்கும், அந்தக் காலை ஊன்றும், விழும். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் எழலாம் என்றே நினைத்தது.

கூட்டம். ஒரு போலீஸ்காரர். "யாராவது முடிச்சு வைங்கப்பா" என்று ஒருவர் சொன்னார். "தொட்டா கேஸு" என்றார் போலீஸ்காரர். "எழுதி வாங்கணும். ஆபீஸ் இன்னிக்கு லீவு. நாளைக்கும் லீவு." மிருக வைத்தியர் ஊட்டிக்குப் போய்விட்டார் என்றும் யாரோ சொன்னார்கள்.

அப்போது பாய் வந்தார். ஜட்காக்காரரின் உறவுக்காரர் ஒருவர் போய் அழைத்து வந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. குதிரையின் அருகில் உட்கார்ந்து காலைப் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பாய், உன் காலப் புடிக்கறேன்" என்றார் ஜட்காக்காரர். "ஒரு நிமிசம். கண்ண மூடிக்கறேன், நீ பண்ணிட்டுப் போயிடு."

"என்னால முடியாது நைனா."

"நீ பண்ணாததா?"

"பண்ணிக்கினு இருந்தேன். இப்ப எம்மேல போலீசு கண்ணு கீது. நான் கத்தியெடுத்தா அதோ நிக்கறானே, அவன் எழுதுவான். மருமவன் கடைக்கு இன்னொரு கூட போச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்." அப்போது என்னைப் பார்த்துவிட்டார். "சாமியே கீறாரே. அவரக் கேளு. அவரு எழுதின சட்டம்."

கூட்டம் எனக்கு வழிவிட்டது. அந்த வழிதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கள் செய்யுங்கள் பாய். பொறுப்பு என்னுடையது. நான் எழுதித் தருகிறேன்" என்றேன்.

"நீங்க எழுதனது போதும் சாமி" என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டார்.

போலீஸ்காரரிடம் கெஞ்சினேன். சட்டம் தெரிந்த ஐயா நீங்களே இப்படிக் கேட்கலாமா என்றார். தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் விருந்தினரோடு இருந்தார். "விதி வந்த முதல் வருஷமே நாமளே மீறச் சொன்னா யார் மதிப்பா?" என்றார். ஒரு வாளி தண்ணீரும் வைக்கோலும் வாங்கிக்கொடுக்கச் சொல்லிச் சில்லறை கொடுத்தார். வாங்கிப்போனேன். குதிரை தண்ணீரில் மூக்கை வைத்தது. குடிக்கவில்லை. அம்மா வந்து கூப்பிடும்வரை அங்கே நின்றேன். மறுநாள் வெயில் ஏறுமுன் அது செத்திருந்தது. அதுவரை நடந்ததை ஜட்காக்காரர் எனக்குச் சொல்லவே இல்லை. நான் கேட்டபோது புடைத்த அவர் கழுத்து நரம்புகள் மட்டும் எனக்கு நினைவிருக்கின்றன.

அலுவலகம் திறந்த நாளே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் நேரில் நின்று சொன்னேன். கூடைக்குள் நான் பார்க்கவில்லை, வண்டி கடைக்குப் போனதைப் பார்க்கவில்லை, நாய்களுக்குப் போகிறது என்று பாய் சொன்னதை மறைத்தேன். தோல் வியாபாரி என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் மன்னிப்புக் கேட்டேனே, அதைத் திருப்பிக் குடுங்க" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. விதியை எடுக்கவில்லை, திருத்தினார்கள். கால் ஒடிந்த குதிரையை ஒரு போலீஸ்காரரும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் அங்கேயே கொல்லலாம் என்று ஆயிற்று. அவ்வளவுதான் நான் சம்பாதித்த நன்மை. தலைவர் என்னைக் காரியதரிசி பதவியிலிருந்து நீக்கினார். என் சீனியரும், பொய் சாட்சி சொன்னதாகத் தானே ஒப்புக்கொண்டவனை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது எப்படி என்று நியாயமாகவே கேட்டு அனுப்பிவிட்டார். முதல் செய்தியைப் போட்ட பத்திரிகை இரண்டாவதைப் போடவில்லை.

கடை அப்படியே வெறிச்சோடி இருந்தது. பொய்யைக் கமிட்டியில் திரும்பப் பெற்றால் போதாது, சந்தில் திரும்பப் பெற வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் பார்க்க, அந்தக் கடையின் முன்னால் போய் நின்றேன். கழுத்து திரும்ப முயன்றது. பிடித்து நிறுத்தினேன். முதல் தடவையாகக் கறிக்கடையை நேராகப் பார்த்தேன்.

"கறி கொடுங்கள்" என்றேன்.

மருமகன் வெட்டி, இலையில் சுற்றிக் கொடுத்தார். அதைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு மாடவீதி வழியாக நடந்து, கால்வாய்க் கரையில் ஜட்காக்காரரின் குடிசைக்குப் போய் அவர் மனைவியிடம் கொடுத்தேன். குதிரை போனபின் ஜட்காக்காரர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வீடு திரும்புமுன் செய்தி போய்விட்டது. அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

"கிணத்தடியில குளிச்சுட்டுக் கொல்லைப்புறமா வா. ஊர்ல கேக்கறவாளுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லும்மா."

"அதை எப்படிடா சொல்றது" என்றாள்.

ஞாயிறுதோறும் போனேன். ஒருநாள் மருமகன் கத்தியைக் கீழே வைத்தார். சந்தில் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மீன் கூடையோடு நொச்சிக்குப்பத்துப் பெண்மணி ஒருத்தியும் நின்றாள். மருமகன் இரண்டு துண்டுகளை எடுத்து என் முன்னால் பலகையில் வைத்தார்.

"இதுல ஒண்ணு ஆடு. இன்னொண்ணு இன்னான்னு சொல்லுங்க சாமி."

இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்று கொஞ்சம் கறுப்போ என்று தோன்றியது. அந்தத் தோன்றலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியாது" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. நான் பார்க்கவில்லை."

"ரெண்டும் ஆடுதான்" என்றார். துண்டுகளை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். "இனிமே வராதீங்க. நீங்க வாங்கறதப் பாத்து எவனும் வரப்போறதில்ல. ஐயருக்குக் கறி தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

"குதிரை என்று சொன்னபோது மட்டும் நம்பினார்களே."

"கெட்டத நம்பறதுக்கு ஒண்ணும் தெரிய வேணாமே சாமி."

மீன்காரி கூடையை இடுப்புக்கு இறக்கினாள். "ஏன் ஐயரே, தெரியாதுன்னா இன்னாத்துக்குச் சொன்னே?" என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, கொஞ்சம் கறி வாங்கிக்கொண்டு போனாள். அன்று அந்தக் கடையில் என்னைத் தவிர வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

ஆடிக்குள் கடை மூடப்பட்டது. வடபழனியில், செய்தி எட்டாத இடத்தில், மறுபடி திறந்தார்கள். பாய் தேனாம்பேட்டைத் தொட்டியை விட்டுவிட்டு அங்கே மருமகனோடு போய் இருந்து, சில வருஷங்களில் காலமானார். நான் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்பதற்காக இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். சம்பந்தம் நின்ற அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

ஜட்காக்காரருக்குக் குதிரை வாங்கிக்கொடுக்க முயன்றேன். வேண்டாம் என்றார். "இனிமே அதுல எவன் சாமி ஏறப்போறான்? அப்புறம் அதுக்கும் ஒடியறதுக்குக் கால் கீது" என்றார். ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தபின், அங்கேயே அவருக்குக் காவல்காரர் வேலை வாங்கிக்கொடுத்தேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

பண்டிகை நாட்களில் மட்டும், பஸ் பிடித்து வடபழனிக்குப் போய் அந்தக் கடையில் கறி வாங்குவேன். வராதே என்று சொன்னவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு நிறுப்பதுபோல் நிறுத்து, காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்தவரைப் பார்ப்பார். அதைக் கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோவேன். ஜட்காக்காரரின் மனைவி இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும், முகத்தில் சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி கேட்பாள்.

"ஆடுதானே சாமி?"

"ஆடு என்று கடைக்காரர் சொன்னார்" என்பேன்.